கதவு நீங்கலாக

என் மனைவி ஒரு நாளைக்கு இருநூற்று நான்கு படி ஏறி இறங்கினாள். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டுக் குளியலறை மாடியில் இருக்கிறது. பதினேழு படி. ஒரு நாளைக்கு ஆறு தடவை. வீட்டைக் கட்டியவர் ஏன் அப்படிக் கட்டினார் என்று கேட்க ஆளில்லை. நாங்கள் வாங்குவதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். முழங்கால் வலி இல்லாதவராக இருந்திருக்க வேண்டும்.

பம்ப் தொழிற்சாலையின் ஸ்டோரில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அன்று, கம்பெனியில் கொடுத்த கைக்கடிகாரத்தைப் பெட்டியை விட்டு எடுக்கும் முன்பே அவளிடம் சொன்னேன்.

"இனிமே நீ மாடி ஏற வேண்டாம். கீழேயே குளியலறை கட்டிடறேன்."

"எப்ப?"

"மூணு மாசத்துல."

"எந்த வருஷம்?"

அவள் அப்படித்தான் கேட்பாள். முன் அறையில் தையல் மிஷின் போட்டுத் தைக்கிறவள். சொன்ன தேதியில் துணி கொடுத்துப் பழகியவளுக்கு மற்றவர்கள் சொல்லும் தேதியில் நம்பிக்கை இருக்காது.

கொத்தனார் வந்து அளந்து பார்த்து, இரண்டு லட்சம் என்றார். அதில் கதவும் நிலையும் மட்டும் இருபத்தைந்தாயிரம். அவர் தகரக் கதவு போதும் என்றார். நான்தான் நல்ல மரம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். துருப்பிடிக்கும் கதவும் எனக்கு ஆகாது, உப்பும் கதவும் எனக்கு ஆகாது.

வங்கியில் எங்கள் இருவர் பெயரிலும் இருந்ததும் சரியாக இரண்டு லட்சம். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் எடுக்கலாம். வேறு யாராக இருந்தாலும் மறுநாளே கடப்பாரை சத்தம் கேட்டிருக்கும். ஆனால் ஸ்டோர்காரனுக்கு இருப்பைப் பூஜ்யத்துக்கு இறக்கக் கை வராது. எந்த வேலைக்கும் பத்தில் ஒரு பங்கு மேலே கையில் இருக்க வேண்டும். ஆக, இருபதாயிரம் குறைந்தது. அந்த இருபதாயிரத்தைச் சம்பாதித்துவிட்டுத்தான் செங்கல்லைத் தொடுவது என்று தீர்மானித்தேன்.

இந்தத் தீர்மானத்தை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

தெருக்கோடியில் கண்ணாடிக்கடை வைத்திருப்பவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். என்னைவிட இருபது வயது சின்னவர். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் பங்குச் சந்தையில் வாங்கி விற்பார். மூக்குக் கண்ணாடிச் சட்டத்துக்குத் திருகு மாற்றப் போன அன்று, நான் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் ஆயிரத்து நூறு சம்பாதித்தார். என் திருகுக்கு வாங்கியது முப்பது.

"இது ரொம்ப சுலபம் அண்ணே. காலையில ஒன்பதே காலுக்கு சந்தை திறக்கும். வாங்கணும். மூணு மணிக்குள்ள வித்துடணும். மறந்துடுவோம்னு, மூணுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி தரகு ஆபீஸே வித்துடும்."

"அப்ப சாயங்காலம் இருப்பு?"

"சுத்தமா சைபர்."

அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் போனைக் காட்டினார். திரையில் பச்சையும் சிவப்புமாக மெழுகுவர்த்திகள் நின்றன. விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. மேலேயும் கீழேயும் நீட்டிக்கொண்டிருக்கிற திரி, விலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய உயரமும் பள்ளமும்.

"இது ஏன் ஒரே சாமானுக்கு ரெண்டு விலை போட்டிருக்கு?"

"வாங்க வர்றவன் கேக்குறது ஒண்ணு, விக்க வர்றவன் சொல்றது ஒண்ணு. நடுவுல இருக்கிற இடைவெளி நம்ம தலையில விழும். அப்புறம் முக்கியமானது, ஸ்டாப் லாஸ். இதுக்கு மேல நஷ்டம் வேண்டாம்னு முதல்லயே ஒரு கோடு போட்டு வச்சிடணும். விலை இறங்கி அந்தக் கோட்டைத் தொட்டா தானா வித்துடும். போட்ட கோட்டை மட்டும் நகர்த்தவே கூடாது."

"போட்டதை யாரு நகர்த்துவா?"

"எல்லாரும்," என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை வங்கியிலிருந்து இருபத்தைந்தாயிரத்தை, தரகு ஆபீஸில் புதிதாகத் திறந்த என் கணக்குக்கு மாற்றினேன். மாற்றிய உடனே ஒரு அட்டை போட்டேன்.

அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டோரில் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு இருப்பு அட்டை உண்டு. வந்தது, போனது, இருப்பது என்று மூன்று கட்டம். யார் எடுத்தார், எதற்கு எடுத்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கேட்ட சாமான் தீர்ந்து போயிருந்தால், அடியில் 'மாற்று' என்று ஒரு வரி இருக்கும். அதற்குப் பதிலாக எதைக் கொடுக்கலாம், அது எந்த நிலையில் இருக்கிறது என்று அதில் எழுத வேண்டும். வீட்டிலும் அதே முறைதான். சோப்பு, தீப்பெட்டி, நூல்கண்டு, ஊசி எல்லாவற்றுக்கும் அட்டை. கல்யாணமான புதிதில் அவள் சிரித்தாள். பிறகு சண்டை போட்டாள். பிறகு கையெழுத்துப் போடப் பழகிவிட்டாள். அட்டைகளெல்லாம் ஒரு நீளமான மரப்பெட்டியில் அகர வரிசையில் நிற்கும்.

பங்குச் சந்தை அட்டை ரகசியம். ரகசியமாகவே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, அதைப் பெட்டியில் 'ப' வரிசையில் அதற்குரிய இடத்தில் சொருகினேன். வேறு இடத்தில் வைக்க எனக்குத் தெரியாது.

முதல் நாள் ஒரு பம்ப் கம்பெனியின் பங்கு நாற்பது வாங்கினேன். எங்கள் கம்பெனி இல்லை, போட்டிக் கம்பெனி. அவர்களுடைய வாஷர்கள் நல்ல தரம். இருநூற்றைம்பதுக்கு வாங்கி இருநூற்று ஐம்பத்து மூன்றுக்கு விற்றேன். லாபம் நூற்றிருபது. தரகும் வரியும் முப்பத்தொன்று. கையில் எண்பத்தொன்பது. உட்கார்ந்த இடத்தில், ஒரு திருகுகூட எண்ணாமல்.

காதில் ஒயர் மாட்டிக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பாக்குறீங்க?"

"செய்தி."

"செய்தியில எதுக்கு மெழுகுவத்தி?"

"எங்கேயோ கரண்ட் இல்லையாம்."

"பாவம்," என்றாள். மிஷினை மிதித்தாள். "பகல்லயேவா?"

மறுநாள் காலை நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு, ஜிப் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். வர இரண்டு மணி நேரம் ஆனது. ஜிப் அட்டையில் 'வந்தது' கட்டத்தில் எதுவும் ஏறவில்லை. கவனித்தேன். கேட்கவில்லை. ஒரு அட்டையைப் பற்றிப் பேச்செடுத்தால் அது எந்த அட்டையில் போய் நிற்குமோ என்று பயம்.

இரண்டு வாரத்தில் லாபமும் நஷ்டமும் மாறி மாறி வந்து, கணக்கில் இருபத்து நாலாயிரத்து அறுநூற்றுப் பத்து நின்றது. மூன்றாம் வாரம்தான் என் முப்பத்து நான்கு வருட அனுபவம் வேலை செய்யத் தொடங்கியது.

ஸ்டோரில் ஒரு விதி உண்டு. சாமான் இந்த அளவுக்குக் கீழே இறங்கினால் உடனே வாங்கு. அந்த விதி என் எலும்பில் ஊறியது. அன்று பம்ப் பங்கு நூறு, இருநூற்று நாற்பதுக்கு வாங்கினேன். கோட்டை இருநூற்று முப்பத்தாறில் போட்டேன். விலை இறங்கியது. இறங்குகிறதா, வாங்கு. கோட்டைக் கீழே நகர்த்திவிட்டு, இருநூற்று முப்பத்து நான்கில் இன்னும் நூறு வாங்கினேன். இன்னும் இறங்கியது. கோட்டை அழித்தே விட்டு, இருநூற்று இருபத்தெட்டில் இன்னும் நூறு. நம் பணத்தைப் போல ஐந்து மடங்குக்கு வாங்க தரகு ஆபீஸ் கடன் தரும் என்பதால் கை தாராளமாக ஓடியது. இறங்குவது இருப்பல்ல, விலை. அந்த வித்தியாசம் எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

இரண்டு முப்பத்தைந்துக்கு இன்னொரு நூறு வாங்க விரலைக் கொண்டுபோனேன்.

"ஏங்க, கடைக்குப் போய் வெள்ளைப் பட்டன் பதினாறு வாங்கிட்டு வாங்க."

"இப்பவா?"

"இல்ல, சட்டைக்காரர் கிழவரான பிறகு."

"மூணு மணிக்குப் போறேனே."

"மூணு மணிக்கு அவர் வந்துடுவார். செய்தி எங்கேயும் ஓடாது. கரண்ட் வந்துச்சான்னு நான் பாத்துச் சொல்றேன். போனை இங்கேயே வச்சிட்டுப் போங்க."

பட்டன் அட்டையில் நாற்பத்தெட்டு இருப்பு இருந்தது. காலையில்தான் பார்த்தேன். அதையும் கேட்கவில்லை. போனை அவள் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வருவதற்குள் தரகு ஆபீஸ் முந்நூறு பங்கையும் இருநூற்றுப் பத்தொன்பதுக்கு விற்றுவிட்டது. நாலாயிரத்து ஐந்நூறு நஷ்டம், தரகு தனி. பட்டன் பதினாறும் சரியாக இருந்தது.

கண்ணாடிக்கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"இறங்குற பங்கை ஏன் அண்ணே வாங்குறீங்க? முதல்ல வித்துடுங்க. இறங்கினதும் வாங்கி நேர் பண்ணிடுங்க."

"என்கிட்ட இல்லாததை எப்படி விக்கிறது?"

"விக்கலாம். பேரு ஷார்ட் அடிக்கிறது."

"எங்க ஸ்டோர்ல அதுக்குப் பேரு வேற. ஒருத்தரை சஸ்பெண்ட் பண்ணியிருக்காங்க."

இருந்தாலும் அடித்தேன். என்னிடம் இல்லாத நானூறு பங்கை இருநூற்றுப் பதினைந்துக்கு விற்றேன். நான் விற்று முடித்த மறு நிமிடம், நான் விற்பதற்காகவே காத்திருந்ததுபோல விலை ஏறத் தொடங்கியது. பச்சைக்கு மேல் பச்சையாக மெழுகுவர்த்தி நின்றது. இருநூற்று நாற்பத்தொன்றுக்குத் திருப்பி வாங்கி நேர் செய்தேன். தரகோடு சேர்த்துப் பத்தாயிரத்து ஐந்நூற்றுப் பதினான்கு போய்விட்டது.

அன்று மாலை அவள் படியேறிப் போனாள். எட்டாவது படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். முன்பெல்லாம் பன்னிரண்டாவது படியில்தான் நிற்பாள். நான் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செய்தி கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். காதில் ஒயர் இருந்தது, அதன் மறுமுனை எதிலும் இல்லை.

மிச்சம் இருந்ததும் எட்டு நாளில் துளித்துளியாகப் போனது. ஆறாவது வாரக் கடைசியில் கணக்கில் இருந்தது அறுநூற்று நாற்பது. இருப்பு குறைந்தால் வாங்கு. வங்கியில் மீதி இருக்கும் ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரத்தில் இன்னொரு இருபத்தைந்தாயிரத்தை எடுத்து, விட்டதைப் பிடித்துவிட்டு நிறுத்திவிடுவது என்று போனில் வங்கிக் கணக்கைத் திறந்தேன்.

இருப்பு: பூஜ்யம்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பூஜ்யம்தான். பக்கத்தில் 'விவரம்' என்று ஒரு இடம் இருந்தது. அதைத் தொட்டால் தெரிந்துவிடும். தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

கடன் கொடுத்த தரகு ஆபீஸ்தான் எடுத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஐந்து மடங்கு கடன் என்றால் ஐந்து மடங்கு நஷ்டம். என் நஷ்டம் இருபத்து நாலாயிரத்து முந்நூற்று அறுபது. ஐந்தால் பெருக்கினேன். ஒரு லட்சத்து இருபத்தோராயிரத்து எண்ணூறு. சரியாக வரவில்லை. ஏழால் பெருக்கினேன். ஒரு லட்சத்து எழுபதாயிரத்து ஐந்நூற்று இருபது. இன்னும் நாலாயிரத்து நானூற்று எண்பது இடித்தது. முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு வாஷர் குறைந்தது கிடையாது. பணம் போன துக்கம் ஒரு பக்கம், கணக்கு இடிக்கிற துக்கம் ஒரு பக்கம். எது பெரியது என்று சொன்னால் நீங்கள் என்னை மதிக்க மாட்டீர்கள்.

கண்ணாடிக்கடைக்காரர் தலையை ஆட்டினார். "தரகு ஆபீஸ் உங்க வங்கியில கைவைக்க முடியாது அண்ணே. நஷ்டம் ஒரே மடங்குதான், அதுவும் ஏற்கெனவே கழிஞ்சாச்சு. அண்ணிகிட்ட கேட்டீங்களா?"

"அவளுக்கு எதுவும் தெரியாது."

அவர் ஒரு கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தேன். அவள் ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இருங்க, இந்தத் தையல் முடியட்டும்."

முடிந்தது. அடுத்த கையை எடுத்தாள்.

"குளியலறைப் பணம் போயிடுச்சு."

"எவ்வளவு?"

"எல்லாம். ரெண்டு லட்சமும்."

"அவ்வளவா?" மிஷின் நிற்கவில்லை. "நல்லா எண்ணிப் பாத்தீங்களா?"

"அதுல இருபத்து நாலாயிரத்துச் சொச்சம் நான் சந்தையில விட்டது. மீதி எங்க போச்சுன்னே தெரியல. உன் முழங்காலை நினைச்சுத்தான் செஞ்சேன். இருபதாயிரம் கூட வேணும்னு பாத்தேன். உன்னை இன்னும் எத்தனை நாள் படியேற விடப்போறேனோ தெரியல."

குரல் கொஞ்சம் உடைந்தது. அதற்கு நான் தயாராக இல்லை.

அவள் மிஷினை நிறுத்தினாள்.

"அட்டை போட்டிருப்பீங்களே?"

"போட்டிருக்கேன்."

"என்ன எழுத்துல?"

"ப."

"பட்டன் அட்டைக்கு எவ்வளவு முன்னாடி?"

மனசுக்குள் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பங்கு, பஞ்சு, பட்டன். நாள் தவறாமல் அவள் பட்டன் அட்டையை எடுத்து எழுதுகிறாள். என் ரகசியம் அதற்கு இரண்டு அட்டை முன்னால் ஆறு வாரமாகத் தலையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

"எடுத்துட்டு வாங்க," என்றாள்.

எடுத்து வந்தேன். ஒரு பக்கத்துக்கு முப்பது வரி. நான் இருபத்தொன்பதாவது வரியில் இருந்தேன்.

"திருப்பிப் பாருங்க."

திருப்பினேன். பின்பக்கத்தில் முதல் வரி, அவள் கையெழுத்தில் இருந்தது. தேதி, நான் பணம் மாற்றியதற்கு மறுநாள். ஜிப் வாங்கப் போன நாள். போனது: ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். யாருக்கு: கொத்தனார். எதற்கு: கீழ்க் குளியலறை, கதவு நீங்கலாக. இருப்பது: பூஜ்யம். பக்கத்தில் அவளுடைய கையெழுத்து, நான் கற்றுக்கொடுத்த இடத்தில்.

இன்னும் இரண்டு வரி எழுதியிருந்தால் நானே திருப்பியிருப்பேன்.

"அடுத்த திங்கக்கிழமை வர்றார்," என்றாள். "அவருக்கு அது வரைக்கும் வேற வேலை இருந்துச்சு. உங்களுக்கும் இருந்துச்சு."

"தெரிஞ்சதும் என்னைத் தடுத்திருக்கலாமே?"

"தடுத்திருந்தா சாகுற வரைக்கும், அன்னைக்கு மட்டும் விட்டிருந்தா லட்சம் லட்சமா வந்திருக்கும்னு சொல்லிட்டிருப்பீங்க." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "முப்பத்து நாலு வருஷம் ஊரான் சாமானை எண்ணினீங்க. ஒரு தடவை உங்களுக்குன்னு ஏதோ ஆசைப்பட்டீங்க. சட்டை தைக்கும்போது உள்பக்கம் ரெண்டு விரல் துணி மடிச்சு விடுவேன்ல, அது மாதிரி ஒரு கதவை விட்டேன். அதுக்கு மேல வெட்ட முடியாத மாதிரி மீதியை எடுத்துட்டேன்."

கண்ணாடிக்கடையில் பாடம் கேட்டு நான் போட்ட கோடுகளையெல்லாம் நானே நகர்த்தினேன். ஒரு வகுப்பும் போகாதவள் எனக்கே ஒரு கோடு போட்டிருக்கிறாள். அதை நகர்த்த என்னிடம் ஒன்றும் இல்லை.

"அன்னைக்குப் பட்டன் நாற்பத்தெட்டு இருந்துச்சே," என்றேன்.

"இருந்துச்சு. நீங்களும் கேப்பீங்கன்னு பாத்தேன்."

குளியலறை இருபத்தாறு நாளில் முடிந்தது. மிஞ்சிய அறுநூற்று நாற்பதில் ஒரு திரைக்கம்பி வாங்கினோம். மீந்த துணிகளை ஒட்டுப் போட்டு அவளே திரை தைத்தாள். பதினொரு வகைத் துணி.

"தற்சமயத்துக்கு ஒரு தகரக் கதவு போட்டுடலாமா?" என்று கேட்டேன்.

"துருப்பிடிக்கிற கதவு உங்களுக்கு ஆகாதே. நல்ல மரமாவே போடலாம். இருபத்தஞ்சாயிரம் சேரட்டும்."

கண்ணாடிக்கடையில் மாதக் கடைசியில் சட்டங்களை எண்ணிக் கொடுக்கிறேன். ஐந்நூறு தருகிறார். ஐம்பது மாதத்தில் கதவு வந்துவிடும். இப்போது மூன்றாவது மாதம். அவர் இப்போது என்னிடம் மெழுகுவர்த்தி பற்றிப் பேசுவதில்லை. நானும் திருகுகளைத் தவிர எதையும் பார்ப்பதில்லை.

அவள் ஏறும் படி இப்போது பூஜ்யம். அந்த ஒரு இருப்பு மட்டும் பூஜ்யமாக இருப்பதில் எனக்கு நிம்மதி. ஆனால் முன் அறைக்கு அளவு கொடுக்கவும் துணி வாங்கவும் ஆட்கள் வந்துபோகிறார்கள். அவள் குளிக்கப் போகும்போது திரைக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். யாராவது வந்தால் இரண்டு தடவை இருமுவேன். உட்கார்ந்திருக்கும் நேரத்தில், பேசாமல் முதல் நாளே செங்கல்லைத் தொட்டிருந்தால் இந்நேரம் இந்த இடத்தில் நல்ல மரக்கதவு ஒன்று நின்றிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பதுவரை நினைத்து வைத்திருக்கிறேன்.

நேற்று திரையில் ஒரு இருப்பு அட்டை குத்தியிருந்தது. அவள் கையெழுத்து. எல்லாக் கட்டமும் முறைப்படி நிரப்பியிருந்தாள்.

சாமான்: கதவு. இருப்பது: இல்லை. மாற்று: கணவர், ஒன்று. நிலை: பழையது, இருமும்.